டூரிங் கார் கிளாஸ்கள்: பணம் எங்கே கரைகிறது?

ரேடியோ கன்ட்ரோல் டூரிங் கார் பந்தயத்துக்குப் புதிதாக வருபவரிடம் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "முதல்ல ஸ்டாக் கிளாஸ்ல ஓட்டுங்க, வேகமும் கம்மி, செலவும் கம்மி. கை பழகினதும் மாடிஃபைட் போயிக்கலாம்." வேகம் குறைவு என்பது உண்மை. செலவு குறைவு என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்க கிளப்களில் ஓடும் கிளாஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோட்டார் மெதுவாக இருப்பதால் மட்டும் யாருக்கும் பணம் மிச்சமாவதில்லை. டயர், எடை, சேஸிஸ் இந்த மூன்றையும் ரூல் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ, அவ்வளவுதான் மிச்சம்.

முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, சுமார் 190 மில்லிமீட்டர் அகலம், நான்கு சக்கரமும் இழுக்கும், 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி. ஓட்டம் பெரும்பாலும் ஐந்து நிமிடம். மோட்டாருக்குள் கம்பிச் சுற்று குறையக் குறைய வேகம் கூடும். மாடிஃபைடில் 4.5 சுற்றை ஒட்டிய மோட்டார், ஸ்டாக்கில் 17.5, ஜிடி பாடி போட்டு ஓட்டும் யுஎஸ்ஜிடி கிளாஸில் 21.5, விண்டேஜ் டிரான்ஸ்-ஆம் எனப்படும் விடிஏவில் 25.5. இவற்றுக்கு வெளியே தனியாக நிற்பது டமியா டிடி-02, அந்த நிறுவனத்தின் எளிய காரை மட்டும் வைத்து ஓடும் கிளாஸ்.

மாடிஃபைடில் சக்தி தேவைக்கு மேல் இருக்கிறது. நேர்ப்பாதை தவிர வேறெங்கும் டிரிகரை முழுதாக அழுத்தவே முடியாது. அதனால் ஓரளவு நல்ல மோட்டார் எதுவானாலும் போதும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளந்துவிடும் ஸ்பீடு கன்ட்ரோலரில் செய்யும் வேலையே அந்தச் சக்தியை மட்டுப்படுத்துவதுதான். பணம் போவது டயரிலும் உடைசலிலும். புது டயரின் பிடிப்பு சில ஓட்டங்களுக்குத்தான். அப்புறம் நேரம் மெல்ல ஏறத் தொடங்கும். அந்த வேகத்தில் ஓரத் தடுப்பில் மோதினால் சஸ்பென்ஷன் ஆர்ம் மட்டும் போனால் தப்பித்தோம். ஆனாலும் இந்தச் செலவு கண்ணுக்குத் தெரிந்த செலவு. எதற்குக் கொடுத்தோம் என்பது கொடுப்பவருக்குத் தெரியும்.

17.5 ஸ்டாக்கில் கதை வேறு. எல்லோருக்கும் ஒரே அளவு, அதுவும் குறைவான சக்தி என்றால், அதில் ஒரு துளியை எங்கேயும் வீணாக்காதவர்தான் முன்னால் போவார். அந்தத் துளிகளுக்குத்தான் விலை. சாதாரண பேரிங்கைக் கழற்றிவிட்டு செராமிக் பேரிங் போடுகிறார்கள். பெல்ட் எவ்வளவு தளர்வாக ஓடலாம் என்று பார்க்கிறார்கள். பாடியில் மெல்லிய ரகத்தை வாங்குகிறார்கள். எடை குறையும், ஆனால் சீக்கிரம் கிழியும். மோட்டாரைத்தான் ரொம்பவும் துருவுவார்கள். கம்பி சுற்றிய ஸ்டேட்டரின் மின்தடையை மில்லி ஓம் கணக்கில் அளந்து, உள்ளே சுழலும் ரோட்டரின் காந்த பலத்தைச் சோதித்து, பொறுக்கி எடுத்த மோட்டார் தனி விலைக்குப் போகிறது. ரூல் புத்தகம் சுற்று எண்ணிக்கையையும் கம்பித் தடிமனையும் கட்டலாம். உற்பத்தியில் வரும் சின்னச் சின்ன வித்தியாசத்தை எந்த ரூலாலும் கட்ட முடியாது.

கார்களைச் சரிபார்க்கும் இடமான பிட்டில் ஒரு ஸ்டாக் ஓட்டுநரைக் கவனித்தால் இது புரியும். ஓட்டம் முடிந்து கார் மேசைக்கு வந்ததும் பாடியைக் கழற்றி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மோட்டார் மேல் காட்டுவார். 60 டிகிரிதான் என்றால் இன்னும் கொஞ்சம் கறக்கலாம் என்று பொருள். மோட்டாரின் பின்மூடியை ஒரு கோடு திருப்பி டைமிங் ஏற்றுவார், அதாவது கம்பிச் சுற்றுக்கு மின்சாரம் பாயும் தருணத்தை முன்னே தள்ளுவார், அல்லது மோட்டார் தண்டில் இருக்கும் சின்னக் கியரான பினியனில் ஒரு பல் கூட்டுவார். 70 டிகிரியைத் தாண்டிவிட்டால் காந்தம் பலமிழக்கும் என்ற பயம் வரும். ஒரு பல் குறைப்பார், இல்லையென்றால் இன்னும் பெரிய விசிறி மாட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு லேப்பில் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஐந்து நிமிடத்தில் அது சேர்ந்துவிடும், அதனால் யாரும் விடுவதில்லை.

இந்தக் கிளாஸ் இதைவிட மோசமாக இருந்த காலமும் உண்டு. 2009, 2010 வாக்கில் ஸ்பீடு கன்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருளே ஓட்டத்தின் நடுவில் டைமிங்கை ஏற்றிக்கொடுக்கத் தொடங்கியது. 17.5 மோட்டார் பெயரளவுக்கு ஸ்டாக்காக இருந்து, இரண்டு படி மேலே உள்ள மோட்டாரின் வேகத்தில் பறந்தது. யாரிடம் புதிய மென்பொருள் இருக்கிறதோ அவர் கை ஓங்கியது, மடிக்கணினி இல்லாமல் பிட்டுக்குப் போக முடியாத நிலை. அதற்கு மாற்றாக வந்ததுதான் "பிளிங்கி" ரூல். மின்னணு டைமிங்கை முழுக்க அணைத்துவிட்டால் கன்ட்ரோலரில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பரிசோதகர் எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் பார்த்த ரூல்களில் மிகச் சிறந்தது இது. செலவை ஒரே அடியில் வெட்டியது, மீறினால் உடனே அகப்படும். அது மூடிய கதவு மென்பொருள் பக்கம். மோட்டார் பொறுக்கும் கதவு திறந்தே கிடக்கிறது. 30 டிகிரியில் டைமிங் பூட்டிய, பின்மூடியைத் திருப்ப முடியாத மோட்டார்களை மட்டும் அனுமதிக்கும் கிளப்கள் அந்தக் கதவையும் பாதி சாத்துகின்றன. உங்கள் ஊர் ஸ்டாக் கிளாஸில் அந்த ரூல் இருந்தால், நான் மேலே சொன்னதில் பாதியை நீங்கள் மறந்துவிடலாம்.

விடிஏவுக்கு வருவோம். 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் காமரோ, மஸ்டாங், ஜாவலின் போன்ற பழைய கார்களின் பாடி போட்டு ஓட்டும் கிளாஸ் இது. டயர் எது என்பது ரூலிலேயே இருக்கிறது. பின்னால் அகலம், முன்னால் ஒடுக்கம். பிடிப்பு குறைவு, அதனால் கார் வழுக்கும், டயரோ மாதக்கணக்கில் உழைக்கும். ஆனால் அதிகம் பேசப்படாத ரூல் எடை பற்றியது. குறைந்தபட்சம் 1550 கிராம் இருக்க வேண்டும். நவீன டூரிங் கார் 1350 கிராமை ஒட்டித்தான் நிற்கும். ஆக, காசு கொட்டி இலகுவான பாகம் வாங்கியவர் கடைசியில் அதன் மேல் ஈயக்கட்டியோ பித்தளைத் தகடோ ஒட்டியாக வேண்டும். டைட்டானியம் ஸ்க்ரூவுக்கு அங்கே வேலையே இல்லை. பத்து வருடப் பழைய சேஸிஸ், ஸ்டியரிங்கைத் திருப்பும் கனமான மலிவு செர்வோ, பழைய பேட்டரி எல்லாமே எடைக் கணக்குக்குள் அடங்கிவிடும். ஒரே ஓட்டை, சேஸிஸ் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது. புத்தம் புது உயர் ரக சேஸிஸோடு வருபவருக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. ஆனால் 25.5 மோட்டாரில் அதை நல்ல கையால் ஈடுகட்டிவிடலாம்.

யுஎஸ்ஜிடி இந்த இரண்டுக்கும் நடுவில். டயர் ஒரே வகை, பாடி சாலையில் பார்க்கும் ஜிடி காரைப் போல இருக்க வேண்டும். 17.5இல் ஓடும் பாடிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ரூலின் அருமை தெரியும். அங்கே காற்றின் அழுத்தத்துக்காகக் கண்ணாடிப் பகுதியை முன்னே தள்ளி, மூக்கைத் தாழ்த்தி வார்த்து வைத்திருப்பார்கள். எந்த நிறுவனத்தின் கார் என்று கேட்டால் ஓட்டுபவருக்கே பதில் தெரியாது.

டிடி-02வில் எல்லாமே எளிது. தொட்டி மாதிரி வார்த்த பிளாஸ்டிக் சேஸிஸ், பெல்ட்டுக்குப் பதில் நடுவில் ஒரு ஷாஃப்ட், நாமே பூட்டிக்கொள்ளும் அடிப்படை கிட்டில் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் புஷ். அதோடு வரும் 70 பல் ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய கியர்), 22 பல் பினியனில், உள்ளே இருக்கும் மற்ற கியர்களையும் சேர்த்து மொத்த கியர் விகிதம் 8.27. ஸ்டியரிங் இணைப்பில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். சக்கரத்தைக் கையால் அசைத்தாலே தெரியும். பேரிங்கும் ஆயில் ஷாக்கும் போட்டால் அருமையாக ஓடும். அங்கே ரூல் நிற்க வேண்டும். அனுமதிப் பட்டியல் நீண்டு, நீல நிற அலுமினியப் பாகங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தால், கிட்டின் விலையைப் போல இரண்டு மடங்கு அதன் மேலேயே ஏறிவிடும். இதில் ஓடும் சாதாரண 540 ரக மோட்டாரிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருப்பதால், நிறைய வாங்கி அதில் வேகமானதைப் பொறுக்குபவர்கள் உண்டு. போட்டி நடத்துபவரே மோட்டாரை அங்கேயே கையில் கொடுத்தால் அந்தப் பிரச்சினை முடிந்தது.

பணத்தைப் பார்த்துவிடுவோம். டிடி-02 கிட் சுமார் 150 டாலர். உயர் ரக கார்பன் சேஸிஸ் கிட் 600 முதல் 700 டாலர். அதில் மோட்டார், செர்வோ, கன்ட்ரோலர், பேட்டரி, பாடி, டயர் எதுவும் இருக்காது. அவற்றைச் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். கார்பெட் விரித்த டிராக்கில் பிடிப்பு அதிகமானால் கார்பனுக்குப் பதில் அலுமினியத் தகடு வேண்டும் என்பார்கள், அது தனி. டயர் செட் 30 முதல் 40 டாலர். கிட் விலையை ஒருமுறை கொடுத்தால் போதும், டயரை வருடம் முழுக்க வாங்க வேண்டும். கிளப்பில் விசாரிக்கும்போது கார் விலையை விட்டுவிட்டு, முன்வரிசையில் ஓட்டுபவர் ஒரு சீசனுக்கு எத்தனை செட் டயர் மாற்றுகிறார் என்று கேளுங்கள்.

புதிதாக வருபவருக்கு என் தேர்வு விடிஏ, அதுவும் பழைய சேஸிஸில். உயர் ரகக் கார்கள் புது மாடல் வந்ததும் விலை சடாரென்று இறங்கும்; இரண்டு தலைமுறை பழைய கார் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். வாங்கும்போது பெல்ட்டின் பற்கள் தேய்ந்திருக்கிறதா, கார்பன் தகட்டின் ஓரம் பிரிந்திருக்கிறதா, வளைவில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபில் ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். உதிரிபாகம் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆர்ம் உடைந்து ஒரு மாதம் காத்திருந்தால் மிச்சப்படுத்திய பணத்துக்கு அர்த்தமில்லை. பக்கத்து டிராக்கில் விடிஏவுக்கு மூன்று பேர்தான் வருகிறார்கள், ஸ்டாக்கில் இரண்டு ஹீட் (ஒரே தடவையில் ஓடும் குழு) நிறைய ஆள் என்றால் ஸ்டாக்கிலேயே சேருங்கள். கூட ஓட ஆள் இருந்தால்தான் கை பழகும். மோட்டாரை மட்டும் கடையில் கிடைப்பதை வாங்கி, முதல் சீசன் முழுக்க அதையே ஓட்டுங்கள்.