கார்ல பெட்ரோல் வாடை: பூசுறதா, வெட்டி ஹோஸ் போடுறதா, பைப்பையே மாத்துறதா? (நம்ம கடலோரத்துக்கு மட்டும்)

மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டின்னு கடல் காத்து படுற ஊர்ல பெட்ரோல் கார் வச்சிருக்கவங்க இதை அவசியம் படிங்க, ஏன்னா வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை வந்தா மதுரைக்காரருக்குச் சொல்ற வைத்தியம் நமக்கு ஒத்து வராது. அங்க ரப்பர் காஞ்சு வெடிச்சிருக்கும், இங்க அதுக்கு முன்னாடியே இரும்பு போயிரும். துருவை ஆராயுறதுக்குன்னே காரைக்குடி செக்ரிக்காரங்க (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மண்டபத்துல ஒரு நிலையம் வச்சிருக்காங்கன்னா நம்ம காத்து எப்படின்னு பாத்துக்குங்க.

என் வண்டியில ஃபுல் டேங்க் அடிச்சா மட்டும் வாடை வரும், பாதி டேங்க் ஆயிட்டா ஒண்ணும் இருக்காது. பாத்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து இன்ஜின் பக்கத்து ஹோஸை மாத்துனார், போகலன்னதும் இன்னொரு தடவை மாத்துனார். கடைசியில வண்டியைத் தூக்கி நிறுத்தி பின் வீலுக்கு உள்பக்கம் இருக்க பிளாஸ்டிக்கைக் கழட்டினா, பெட்ரோல் ஊத்துற வாயில இருந்து டேங்குக்குப் போற ஃபில்லர் பைப்ல கிளாம்ப் உக்காந்திருந்த இடத்துல மண்ணு அடைச்சு கெட்டியாயிருக்கு, அதைத் தட்டிவிட்டா உள்ள பைப் பொடிப்பொடியா உதிருது. இதைக் கண்டுபிடிக்க ரெண்டு மாசம் ஆச்சு, அத்தனை நாளும் பின் சீட்ல பிள்ளை தூங்கிட்டு வந்துச்சு, நாங்க கண்ணாடியை ஏத்திட்டு ஏசி போட்டுட்டு வந்தோம், நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. பெட்ரோல் ஆவியில பென்சீன் இருக்குங்க, அதுபோக அது காத்தை விட கனம், தரையோரம் தேங்கி நிக்கும், எங்கயோ ஒரு பொறி போதும்.

அதனால முதல்ல எப்ப வாடை வருதுன்னு குறிச்சு வைங்க. டேங்க் நிரப்பினதும் மட்டும்னா ஃபில்லர் பைப், இல்லாட்டி டேங்க் மேல இருக்க பம்ப்போட ரப்பர் வளையம். பின் சீட்டைத் தூக்கி மோந்து பாத்தா அது பம்ப் பக்கமா வீல் பக்கமான்னு தெரிஞ்சிரும். ஓடும்போதும் ஆஃப் பண்ணின உடனேயும்னா பம்ப்ல இருந்து இன்ஜினுக்கு அழுத்தத்தோட பெட்ரோல் போற பிரஷர் லைன், இல்லாட்டி இன்ஜெக்டரோட ரப்பர் வளையம் (ஓரிங்). சொட்டு எதுவும் இல்லாம வெயில்ல நின்னா மட்டும் வாடைன்னா பெட்ரோல் மூடியையும் டேங்க் ஆவியைப் பிடிச்சு வைக்கிற கரி டப்பாவையும் (கேனிஸ்டர்) பாருங்க. குழாய்க்குள்ள புகையை விட்டு ஓட்டை தேடுற ஸ்மோக் மெஷின் வச்சுப் பாக்குறவங்க இருக்காங்க, ஆவி போற ஓட்டைக்கு அது அருமையானது, ஆனா நம்ம பக்கம் தேடி அலையணும். துருவுக்கு ஒரு டார்ச்சும் டிஷ்யூ பேப்பரும் போதும்: பைப் மேல ஒத்தி எடுத்தா ஈரம் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் ஆறினப்புறம் மட்டும் செய்யுங்க.

சரி, இடம் தெரிஞ்சிருச்சு, இப்ப எந்த ரிப்பேர்?

ரெண்டு உருண்டையைப் பிசைஞ்சு அப்புற எபாக்ஸி ரொம்ப சல்லிசு. ஆனா அது பிடிக்கணும்னா காஞ்ச, சுத்தமான இரும்பு வேணும், நமக்கு இருக்கறது பெட்ரோல் கசியுற துரு. ஃபில்லர் பைப்ல அழுத்தம் கிடையாதுங்கறதால ஸ்பேர் வாங்க மதுரை போயிட்டு வர்ற வரைக்கும் தாங்கலாம், அதுக்கு மேல நம்பாதீங்க. பிரஷர் லைன்ல அதுக்குக் கூட ஆகாது. வெல்டிங் வைக்கலாம்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிருங்க, காலி டேங்க்ல இருக்க ஆவிதான் வெடிக்கும்.

துருப்பிடிச்ச துண்டை வெட்டி எறிஞ்சுட்டு ரப்பர் ஹோஸும் ரெண்டு கிளிப்பும் போடுறது நம்ம ஊர்ல அதிகமா நடக்குற வேலை, இதை முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன். பழைய கார்புரேட்டர் வண்டியில அரை பார் கூட இருக்காது, தாங்கும். எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வச்ச) வண்டியில சுமாரா மூணு பார், அங்க சாதா ஹோஸ் போட்டா ஊதிரும். ஹோஸ் மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9னு அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க, ஆர்7 கார்புரேட்டருக்குத்தான். இப்ப பங்க்ல வர்றது இ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வேற, பழைய ரப்பரை அது ஊற வச்சு இளக்கிரும். அதைவிட முக்கியமா கிளிப்பு: ஸ்டெயின்லெஸ்னு விக்கிறதுல பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கும், திருகு சாதா இரும்பு, நம்ம காத்துல அதுதான் முதல்ல துருப்பிடிச்சு அறுந்துவிழும். காந்தத்தைத் திருகுல வச்சுப் பாருங்க, கப்புன்னு ஒட்டினா வேண்டாம். இதெல்லாம் சரியா செஞ்சாலும் ஒரு குறை இருக்கு, இன்னைக்கு வெட்டின இடத்துக்கு ஒரு அடி தள்ளி அதே வயசு இரும்புதான நிக்குது?

படகு வேலை, ரெய்லிங் வேலை செய்ற பட்டறைகள் இருக்கறதால ஸ்டெயின்லெஸ்ல ஃபில்லர் பைப்பே அடிச்சுத் தரச் சொல்லலாம்னு எனக்கும் ஆசை வந்துச்சு. 316 தரம்னா கடல் உப்புக்கு 304ஐ விட நல்லாவே தாங்கும். ஆனா ஒரிஜினல் பைப்போட காத்து வெளியேற ஒரு சின்னக் குழாய் ஒட்டி வரும், அதை விட்டுட்டு அடிச்சா பங்க்ல பெட்ரோல் அடிக்கிற துப்பாக்கி லிட்டருக்கு ஒரு தடவை கட் ஆகும். அதோட ஸ்டெயின்லெஸ்ஸோட ஒட்டி உக்காந்திருக்க சாதா இரும்பு பிராக்கெட் உப்பு ஈரத்துல இன்னும் வேகமா அரிக்கும். காயலான் கடை பைப்புன்னா உள்நாட்டு வண்டியில கழட்டினதா கேட்டு வாங்குங்க, நம்ம பக்கத்து வண்டியோடதுன்னா அதே துருவைத்தான் காசு குடுத்து வாங்குறீங்க.

நான் கடைசியில போட்டது புது ஒரிஜினல் ஃபில்லர் பைப், புது ரப்பர், புது கிளாம்ப். செலவு அதிகம்தான், ஆனா ரெண்டு தடவை தேவையில்லாம ஹோஸ் மாத்தின காசையும் கூலியையும் கூட்டினா பெரிய வித்தியாசம் இல்ல. மாட்டுறதுக்கு முன்னாடியே வெளிப்பக்கம் முழுக்க மெழுகு மாதிரி ஒட்டுற துருத்தடுப்புப் பூச்சு அடிச்சேன், மாட்டினப்புறம் கிளாம்புக்கு அடியில பூச்சு போகாது, துரு ஆரம்பிக்கறதே அங்கதான். பிரஷர் லைனுக்கும் என் முடிவு இதேதான், ஒரு முனையில இருந்து மறு முனை வரை முழு பைப். அந்த வேலைக்கு முன்னாடி பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி இன்ஜின் தானா நிக்கிற வரை ஓடவிட்டு, அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும்.

தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போயிட்டு வந்தா அன்னைக்கே அடியைக் கழுவுங்க, ஆனா உவர்ப்பான போர் தண்ணியில கழுவாதீங்க, அது உப்பை இன்னொரு தடவை பூசுற மாதிரி. ரெண்டு குடம் காவிரித் தண்ணி போதும், பின் வீல் உள்பக்கத்துல மட்டும் ஊத்தி மண்ணை எடுத்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

ரிப்பேர் முடிஞ்சதும் உடனே வாடை இல்லையேன்னு பணம் குடுத்துட்டு வந்துராதீங்க. ஃபுல் டேங்க் அடிச்சு, வெளிய காத்தோட்டமான இடத்துல நிறுத்தி, அடியில அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சு வச்சுட்டு, காலையில சாவி போடறதுக்கு முன்னாடி அந்த அட்டையைப் பாருங்க.