ஏர் பிடித்த லாரியா, கம்ப்ரஷன் போன லாரியா?

காலையில் செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரியே இறங்கிவிடும், வண்டி மட்டும் எடுக்காது. செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றியும் இந்த நிலை என்றால், பழைய டீசல் பம்ப் லாரிகளில் நான் முதலில் பார்ப்பது சைலன்சர் புகையைத்தான்.

புகையே இல்லையா? டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. பெரும்பாலும் டீசல் லைனில் ஏர் ஏறியிருக்கும். இரவு நின்ற வண்டியில் நைந்த வாஷர், வெடித்த ஹோஸ் வழியாகக் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். டீசல் ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துப் பாருங்கள். முதலில் நுரை நுரையாக வரும். அப்புறம் குமிழி இல்லாமல் டீசல் வழியும். அப்போது ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால் எடுத்துவிடும். மறுநாளும் இதே கதை என்றால், கசிவு இன்னும் இருக்கிறது.

வெள்ளைப் புகை, கண் எரிகிற டீசல் வாடையோடு வருகிறதா? டீசல் போகிறது, எரியவில்லை. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்திய காற்றின் சூடுதான் பற்றவைக்கும். பிஸ்டன் ரிங், வால்வு தேய்ந்தால் அந்த அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், குறைந்து சூடு வராது. அப்படிப்பட்ட வண்டி சூடானபின் மதியம் சட்டென்று எடுக்கும், ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரும். பம்ப் டைமிங் (டீசல் பாயும் நேரம்), டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கோளாறிலும் வெள்ளைப் புகை வரும். அதனால் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.