ஐபோன் 12 ப்ரோவின் லைடார்: அறைக்குள் போதும், மதிலுக்குப் போதாது

பழைய வீடுகளைத் திருத்திக் கட்டுவோருக்கு வரைபடம் தயாரிக்கும் வேலையில், ஐபோன் 12 ப்ரோவின் பின்புறக் கமராக்களின் அருகே இருக்கும், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் உணரியை மட்டக்களப்பு நகரிலும் கல்லடியிலும் பல வீடுகளில் பயன்படுத்தியிருக்கிறேன். தொலைபேசியின் மற்ற அம்சங்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டதால், இந்த மதிப்பீடு அந்தச் சிறிய கறுப்பு வட்டத்தைப் பற்றியது மட்டுமே.

2020இல் முதலில் ஐபாட் ப்ரோவிலும் அதே ஆண்டில் ஐபோன் 12 ப்ரோவிலும் வந்த இந்த உணரியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. 64 நுண்ணிய லேசர்கள் கொண்ட ஒரு சிப்பிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, அதன் முன்னுள்ள ஒளியியல் தகடு ஒன்பது மடங்காகப் பிரித்து, 576 புள்ளிகளாகச் சுவரின் மீது தூவுகிறது. அவை தெறித்துத் திரும்ப எடுக்கும் நேரமே தூரமாகக் கணக்கிடப்படுகிறது. ஐந்து மீற்றர் தூரத்திலுள்ள சுவருக்குச் சென்று திரும்ப ஒளிக்கு ஏறத்தாழ 33 நனோசெக்கன்களே தேவை என்பதை நினைத்தால், சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு கருவி இதைச் செய்வது எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது.

அறைக்குள் இதன் வேலை திருப்தியானது. கோணல்மாணலான சுண்ணாம்புச் சுவர்களும் மூலைக்கு மூலை அகலம் மாறும் விறாந்தைகளும் கொண்ட பழைய வீட்டில், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமலேயே, ஸ்கேனிவெர்ஸ் போன்ற இலவசச் செயலியைத் திறந்து மெதுவாக நடந்தால் அறையின் முப்பரிமாண வடிவம் கிடைத்துவிடுகிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டிலும் தூரத்தை அறிய வெளிச்சம் தேவைப்படுவதில்லை. ஓரிரு சென்ரிமீற்றர் வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டும் என்பதால் கதவு நிலை, யன்னல் போன்றவற்றின் அளவை நாடாவால்தான் எடுக்கிறேன். ஆளுயரக் கண்ணாடி பதித்த அலுமாரி இருந்தால் அதைப் போர்வையால் மூடிவிடுவது நல்லது. எந்த லேசர் கருவிக்கும் கண்ணாடிக்குள் தெரியும் அறையும் உண்மையான அறையே.

வெளியே வந்தால் கதை மாறுகிறது. ஐந்து மீற்றர் வரைதான் என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்திருக்கிறது. கோட்டையின் மதிலையோ வாவிக்கரையோரக் கட்டடமொன்றின் முகப்பையோ இதனால் அளக்க நினைப்பது வீண். இருக்கிற சிறிதளவு ஒளியையும் எல்லாத் திசைகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது சொற்பம், அதையும் நமது மத்தியான வெயில் விழுங்கிவிடுகிறது. முழு ஒளியையும் ஒரே கற்றையாக்கி, அக்கற்றையைத் திசை திசையாகத் திருப்பினால் தூரம் கூடும். பெரிய லைடார்களில் கண்ணாடியோ மோட்டரோ செய்யும் அந்த வேலையைச் சிப்பே செய்ய வேண்டும் என்பதில்தான் ஆய்வாளர்கள் முனைந்திருக்கிறார்கள்.

ஒரு வழி, சிலிக்கன் சிப்பில் நெருக்கமாக அமைந்த பல நுண் அன்டெனாக்களிலிருந்து வெளிவரும் ஒளியலைகளின் அவத்தையை, அதாவது அலையின் ஏற்ற இறக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை, சிறிது சிறிதாக மாற்றுவது. அலைகள் ஒன்றுசேர்ந்து வலுப்பெறும் திசை அதற்கேற்ப நகரும். அன்டெனாக்களின் இடைவெளி அரை அலைநீளத்துக்கு மேல் போனால் வேண்டாத திசைகளிலும் கற்றைகள் கிளம்பும் என்பது அதிலுள்ள தலைவலி. மற்றொரு வழியைக் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகக் குழு 2022இல் காட்டியது: 128க்கு 128 என அடுக்கிய 16,384 அன்டெனாக்களில் எதற்கு ஒளி அனுப்பப்படுகிறதோ, அதைப் பொறுத்து, முன்னுள்ள வில்லையின் (லென்ஸின்) வழியே செல்லும் கற்றையின் திசை மாறுகிறது. ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் சதுரச் சிப்பு, 70 பாகைக்கு 70 பாகை பார்வைப் பரப்பு, பத்து மீற்றர் தூரம். என் வேலைக்கு அதுவே இரட்டிப்பு வசதி. ஆனால் அது ஆய்வுகூடத்துச் சாதனை, கடையில் வாங்கும் பொருள் அன்று.

ஆகவே லைடாருக்காக மட்டும் புதிய ப்ரோ தொலைபேசிக்குச் செலவிட நான் பரிந்துரைக்கமாட்டேன். பாவித்த 12 ப்ரோ போதும். சாதாரண ஐபோன் 12இல் இந்த உணரி இல்லை என்பதைக் கவனத்திற்கொள்ளவும். வாங்குமுன், கடையின் விளக்கை அணைக்கச் சொல்லி, ஸ்கேன் செயலியைத் திறந்தபடி தொலைபேசியைச் சுவர்ப்பக்கம் பிடித்தால், இரவுநிலையில் அகச்சிவப்பு ஒளியையும் காணும் கண்காணிப்புக் கமராவின் திரையில் சுவரெங்கும் புள்ளிகள் தெரியும். தெரியாவிட்டால் வேறு தொலைபேசியைக் கேளுங்கள்.