மழைக்கோட்டா, நனையும் ஜாக்கெட்டா? குளிர்மழையில் சைக்கிள் ஓட்டுவோருக்கான ஓர் ஒப்பீடு

1988 ஜூன் 5. இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயமான ஜிரோவில் அன்று காவியா கணவாயைத் தாண்ட வேண்டும். உயரம் 2,600 மீட்டருக்கு மேல். மேலே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உச்சியை முதலில் தொட்டவர் நெதர்லாந்துக்காரரான யோஹான் வான் டெர் வெல்டே. அரைக்கைச் சட்டையில் ஏறியிருந்தார். ஏறும்வரை ஒன்றும் ஆகவில்லை. இறக்கத்தில் உடல் விறைத்துப்போய், வழியில் நின்று சூடேற்றிக்கொண்டு, வெற்றியாளரைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பிந்தித்தான் வந்து சேர்ந்தார். அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணியோ காலையிலேயே கதகதப்பான துணிகளுக்கு ஏற்பாடு செய்திருந்தது. அவர் கையில் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் கையுறை. அன்று இரண்டாவதாக வந்தார், முன்னிலை வீரருக்கான இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்றார், அந்த ஜிரோவையும் வென்றார்.

ஏறும்போது போதுமாக இருந்த அதே சட்டை இறங்கும்போது ஆளை முடக்கிவிட்டது. குளிர்மழைக்கு உடை தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கலே இதுதான். பெடலை மிதிக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் கிட்டத்தட்ட கால்பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். 150 வாட்டில் நிதானமாக மிதிப்பவர்கூட 450 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருப்பார். சின்ன ரூம் ஹீட்டர் ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுவது மாதிரி. இறக்கம் வந்ததும் ஹீட்டர் அணைகிறது, எதிர்க்காற்று கூடுகிறது. வெப்பமானி 5 டிகிரி காட்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது 0 டிகிரிதான். துணியும் நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

ஆகவே ‘இது வாட்டர்ப்ரூஃபா?’ என்று மட்டும் கேட்டு ஜாக்கெட் வாங்குவது பாதிக் கேள்வி. நனையாமல் இருப்பது வேறு, குளிராமல் இருப்பது வேறு. இரண்டு மணி நேரம் கொட்டும் மழையில் மூச்சுவாங்க மிதித்துவிட்டு உலர்ந்த பனியனோடு இறங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மழை நனைக்காவிட்டால் வியர்வை நனைத்திருக்கும்.

ஹார்ட்ஷெல்லும் சாஃப்ட்ஷெல்லும்

முழுமையான மழைக்கோட்டு, அதாவது ஹார்ட்ஷெல், இரண்டு எண்களைப் போட்டுக்கொண்டு விற்பனைக்கு வரும். முதலாவது, துணி எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பது. 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால் பத்து மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். மழைத்துளிக்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை. முதுகுப்பை வார் அழுத்தும் தோளுக்கும், துணி இழுபடும் முழங்கைக்கும்தான் அது வேண்டும். இரண்டாவது, ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடும் என்பது. 20,000 என்றால் பிரமாதம் போலத் தோன்றும். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 833 கிராம். ஜாக்கெட்டில் இருப்பது தோராயமாக ஒரு சதுர மீட்டர் துணி. கடுமையாக மிதிப்பவர் மணிக்கு ஒரு லிட்டர்வரை வியர்க்கக்கூடும். அதுவும் அந்த 833 ஆய்வகத்தில், காய்ந்த துணியில் கிடைத்த எண். மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது உள்ளிருக்கும் ஈரத்துக்கு வெளியேறும் அவசரம் குறைந்துவிடுகிறது.

இந்த வகை ஜாக்கெட்டுகளின் முன்னோடி கோர்-டெக்ஸ். 1969-இல் பாப் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது நுண்துளைகள் நிறைந்த சவ்வு கிடைத்தது. நீர்த்துளி நுழைய முடியாத துளைகள், ஆனால் நீராவி தாராளமாகப் போகும். சவ்வு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. பழுதாவது பெரும்பாலும் அதன் மேல் ஒட்டியிருக்கும் வெளித்துணி. புதிதாக இருக்கும்போது மழை அதன்மேல் முத்து முத்தாக உருண்டு ஓடும். நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்ததும் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அப்புறம் நீராவி வெளியேற வழியில்லை, உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். நாம் ‘ஜாக்கெட் ஒழுகுகிறது’ என்று திட்டுவோம். என் முதல் ஜாக்கெட்டை இப்படித்தான் பழித்து மூலையில் போட்டேன். அது ஒழுகவே இல்லை, துவைக்காமல் அழுக்கேறிக் கிடந்தது, அவ்வளவுதான்.

துவைத்தால் கெட்டுவிடும் என்ற பயம் தலைகீழான பயம். அழுக்கும் வியர்வை எண்ணெயும்தான் பூச்சைக் கொல்கின்றன. மிதமான சோப்பில் துவைத்து, நன்றாக அலசி, பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால் டிரையரில் மிதமான சூடு கொடுத்தால் பூச்சு ஓரளவு உயிர்பெறும். துணியை மென்மையாக்கும் திரவம் மட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஃப்ளூரின் சேர்மங்கள் சுற்றுச்சூழலில் சிதையாமல் தங்குகின்றன என்பதால் இப்போதைய பூச்சுகள் பல அவை இல்லாமல் வருகின்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் இவை எண்ணெய்க் கறையை அவ்வளவாகத் தாங்காது, ஆகவே அடிக்கடி துவைக்க வேண்டும்.

சாஃப்ட்ஷெல் வேறு கணக்கு. இது மழையை முழுக்கத் தடுப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. காற்றைத் தடுக்கும், உடலோடு ஒட்டியிருக்கும், சாதாரணத் தூறலை உதறிவிடும். கொட்டும் மழையில் தையல் வழியாகத் தண்ணீர் வரும். வந்த தண்ணீரை உடல் சூடாக்கும், காற்று உள்ளே புகாததால் அந்தச் சூடு அப்படியே நிற்கும். இந்த வகையைப் புகழ்பெறச் செய்தது 2013-ஆம் ஆண்டின் மிலான்–சான் ரெமோ பந்தயம். பனி கொட்டி, வீரர்களைப் பேருந்தில் ஏற்றி ஒரு கணவாயைத் தாண்டவைத்த நாள் அது. காஸ்டெல்லி என்ற உடை நிறுவனத்தின் காபா என்ற இறுக்கமான சட்டையை, அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத அணிகளின் வீரர்களும் அணிந்து வந்தார்கள், சின்னத்தை மட்டும் கறுப்பு மையால் மறைத்துக்கொண்டு. விளம்பரதாரரின் கோபத்தைவிடக் குளிர் பெரிதாகப் பட்டிருக்கிறது என்றால் சட்டையில் விஷயம் இருக்கிறது.

ஆனால் அவர்கள் தொழில்முறை வீரர்கள் என்பதை மறந்துவிட்டு அதையே வாங்கினால் ஏமாற்றம்தான். சாஃப்ட்ஷெல் ஹீட்டர் எரியும்வரை மட்டுமே வேலைசெய்யும். பஞ்சர் ஒட்டப் பத்து நிமிடம் நின்றால் பல் கிட்டிக்கும். விடாமல், ஓரளவு கடுமையாக, ஒன்றரை மணி நேரம் மிதிப்பவருக்கு நான் சாஃப்ட்ஷெல்தான் சொல்வேன். நான்கு மணி நேரம் நிதானமாக, நின்று நின்று போகிறவருக்கு ஹார்ட்ஷெல். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போய் மழையும் சேர்ந்தால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் ஹார்ட்ஷெல்தான். 12 டிகிரிக்கு மேலென்றால் அதையே போட்டுக்கொண்டு வேகுவதில் அர்த்தமில்லை. இரண்டும் வேண்டுமென்றால் சாஃப்ட்ஷெல்லை அணிந்து, மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும் மெல்லிய மழைக்கோட்டைப் பின்பையில் வைத்துக்கொள்ளலாம். ஏற்றத்தில் பை, இறக்கத்தில் உடம்பு. உச்சிக்குப் போய் நின்று போட்டுக்கொள்வதைவிட, உச்சி வருமுன்னே இன்னும் சூடாக இருக்கும்போதே போட்டு ஜிப்பை இழுத்துவிடுவது மேல்.

அளவு விஷயத்தில் ஒன்று. கடைக் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்த்தால் எல்லா ஜாக்கெட்டும் பொருந்தும். கையை முன்னால் நீட்டிக் குனிந்து பாருங்கள். முதுகு மேலேறி இடுப்பு தெரிந்தால் அது நடப்பதற்கான ஜாக்கெட்.

கேப்பை ஏன் கேலி செய்கிறார்கள்?

தோளிலிருந்து ஹேண்டில்பார்வரை கூடாரம்போல் விரியும் பழைய மழைக்கேப்பைப் பார்த்துச் சிரிக்காத பந்தய சைக்கிள்காரர் இல்லை. எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. அடிப்பக்கம் முழுக்கத் திறந்திருப்பதால் எந்தச் சவ்வும் தராத காற்றோட்டம் கிடைக்கும். தொடையும் மடியும் உலர்ந்தே இருக்கும். அலுவலக உடையின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். நிமிர்ந்த இருக்கையில், மட்கார்டு மாட்டிய வண்டியில், அவசரமில்லாமல் வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை என்றே நினைக்கிறேன். வேகமெடுத்தால் பாய்மரம் ஆகிவிடும். பக்கக் காற்றில் வண்டியை இழுக்கும், கைச்சைகை கேப்புக்குள்ளேயே மறைந்துவிடும். கட்டை விரலில் மாட்டும் வளையமும் இடுப்பில் கட்டும் வாரும் இல்லாத கேப்பை வாங்காதீர்கள்.

தோலோடு ஒட்டும் துணி

பருத்தி பனியன் வேண்டாம். நனைந்தால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாது, அவ்வளவுதான் அதைப்பற்றி. உண்மையான போட்டி மெரினோ ஆட்டுக் கம்பளிக்கும் பாலியஸ்டருக்கும்.

‘மெரினோ நனைந்தாலும் சூடு’ என்பது பாதி உண்மை. கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழைக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும், தொட்டால் ஈரம் தெரியாது. உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். தூறலும் வியர்வையும் மாறி மாறி வரும் நீண்ட நாளுக்கு இது வரம். நாற்றமும் எளிதில் வராது. ஆனால் முழுக்க ஊறிவிட்டால் பாலியஸ்டரைவிட மெதுவாகக் காயும், கனமாகத் தொங்கும். பாலியஸ்டர் இழை ஈரத்தைக் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். தண்ணீர் இழைகளுக்கு இடையில் ஓடிப் பரவி ஆவியாகிவிடும். சீக்கிரம் உலர்வதில் அதுவே முதல். இரண்டாம் நாளே மணக்க ஆரம்பிப்பதிலும் அதுவே முதல்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது: வலைப் பனியன். நார்வே ராணுவத்தைச் சேர்ந்த ஹென்ரிக் புரூன் 1933-இல் மீன் வலையை வெட்டித் தைத்துப் பார்த்ததில் தொடங்கியது. பெரிய பெரிய ஓட்டைகளுள்ள பனியன் எப்படிக் குளிரைத் தடுக்கும் என்று தோன்றும். ஓட்டைகளில் நிற்கும் காற்றுதான் காப்பு, அதோடு மேலே உள்ள ஈரத்துணி தோலில் ஒட்டாமல் வலை தள்ளிப் பிடிக்கிறது. ஹார்ட்ஷெல்லுக்குள் அந்தச் சில்லென்ற ஒட்டலை வெறுப்பவர்கள் ஒருமுறை வலையைப் போட்டுப் பார்க்கலாம். மேலே காற்றைத் தடுக்கும் துணி இல்லாவிட்டால் மட்டும் இது வெறும் வலைதான்.

கையும் காலும்

ஜாக்கெட்டுக்கு ஒரு மாதம் யோசிக்கிறவர்கள் கையுறையை ஐந்து நிமிடத்தில் வாங்குகிறார்கள். பயணத்தைக் கெடுப்பது விரல்கள்தான். 1980-இல் பனிப்பொழிவில் நடந்த லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் பந்தயத்தில் பெர்னார் இனோ ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முன்னணியில் வென்றார். அன்று உறைந்த விரல்களின் உணர்வு அவருக்கு முழுமையாகத் திரும்பவே இல்லை. விரல் மரத்தால் பிரேக்கும் கிடையாது, ஆகவே இது சுகத்தைப் பற்றிய பேச்சு மட்டுமில்லை.

சவ்வு வைத்த வாட்டர்ப்ரூஃப் கையுறை முதல் ஒரு மணி நேரம் அருமை. பிறகு மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்கும். ஈரக் கையை ஒருமுறை வெளியே எடுத்தால் உள்துணி விரலோடு சேர்ந்து உருவிக்கொண்டு வரும், திரும்ப நுழைக்க முடியாது. அன்று முழுக்க அது காயவும் காயாது. நியோபிரீன் கையுறை முதல் நிமிடத்திலிருந்தே நனையும். கடலில் இறங்குபவர்களின் உடைபோல, உள்ளே சிக்கிய தண்ணீரை உடல் சூடாக்கிக்கொள்ளும். நீண்ட மழைக்கு எனக்கு நியோபிரீன்தான். 10 டிகிரிக்கு மேல் கை வெந்துவிடும் என்பது அதன் குறை. இரண்டிரண்டு விரலாகச் சேர்க்கும் நண்டுக்கொடுக்குக் கையுறை ஐவிரல் கையுறையைவிடச் சூடு, கியர் மாற்றப் பழக வேண்டும். எதை வாங்கினாலும் ஒரு தடித்த ஜோடிக்குப் பதில் இரண்டு நடுத்தர ஜோடி வாங்கி, இரண்டாவதைப் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி எடுத்துப்போவது என் பழக்கம்.

காலில் தண்ணீர் கீழிருந்து வருவதைவிட மேலிருந்து வருவதே அதிகம், கணுக்கால் வழியாக வழிந்து. ஷூ கவர் எவ்வளவு உசத்தியானாலும் பேன்ட்டின் விளிம்பை அதற்குள் செருகினால் ஷூ தொட்டியாகிவிடும். விளிம்பு கவருக்கு வெளியே, மேலே இருக்கட்டும். வாட்டர்ப்ரூஃப் காலுறையும் இதே சோதனையில்தான் தோற்கும், மேல்வழியாகப் புகுந்த தண்ணீர் அதிலிருந்து வெளியே வராது. நியோபிரீன் கவர் இங்கேயும் முந்துகிறது. எதுவுமே இல்லாத நாளில் காலுறைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஷூவைப் போட்டால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

தொடைக்கு, துணியின் உட்புறத்தைப் பஞ்சுபோல ஆக்கிய நீளமான டைட்ஸ் போதும். மழைக் கால்சட்டை வேலைக்குப் போகிறவருக்கு மட்டும், அதிலும் கேப் இருந்தால் தேவையில்லை. ஹெல்மெட்டுக்குள் விளிம்பு வைத்த மெல்லிய தொப்பி இருந்தால் கண்ணில் மழை அடிக்காது.

கடைசியாக ஒன்று, அது உடையே இல்லை. பின்சக்கரம் சாலையிலிருந்து வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர் நேராக இருக்கைக்கும் முதுகுக்கும் வருகிறது, முன்சக்கரத்தினுடையது பாதங்களுக்கு. மழை நின்ற பிறகும் சாலை காயும்வரை இது நிற்பதில்லை. முழுநீள மட்கார்டு மாட்டிய வண்டியில் நடுத்தரமான ஜாக்கெட் போட்டவர், மட்கார்டு இல்லாத வண்டியில் உயர்ந்த ஜாக்கெட் போட்டவரைவிட உலர்ந்து வீடு திரும்புவார். பின்னால் வருபவரும் வாயை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்காது.