பொடி வாங்குமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

அம்மாவுக்குப் பல வருஷமாக முட்டிவலி. மாதம் ஒருமுறை எங்கள் ஊர் லாட்ஜில் வந்து உட்காரும் ‘பரம்பரை சித்த வைத்தியர்’ பற்றிப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். கூட்டிப்போனேன். நாடி பிடித்தார், ஒரு மாதச் சூரணம் கொடுத்தார். 4,500 ரூபாய். பாக்கெட்டில் லேபிள் இல்லை, ரசீதும் இல்லை.

நாலே நாளில் அம்மா மாடிப்படி ஏறினார். அந்தச் சந்தோஷத்தில் தெரிந்தவர்கள் மூன்று பேரை நானே அவரிடம் அனுப்பினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம் மாதம் அம்மாவின் முகம் உப்பி உருண்டையாகிவிட்டது. கட்டுக்குள் இருந்த சர்க்கரை 380. சந்தேகப்பட்டுப் பொடியைத் தட்டில் கொட்டினேன். சரியாக அரைபடாத ஒரு வெள்ளைத் துண்டு, நடுவில் மாத்திரைக்கு இருக்குமே, அந்தக் கோட்டோடு.

அரசு மருத்துவமனை டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே, “ஸ்டீராய்டு கலந்திருக்கும்போலத் தெரியுதும்மா. ஆனா சட்டுனு நிறுத்தக்கூடாது” என்றார். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால், அதே வகை ஹார்மோனை உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளுமாம். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து. அதனால் பொடிக்குப் பதில் அளவு தெரிந்த மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்.

அப்புறம்தான் அந்த ஆள் மேசையில் வைத்திருந்த ஃபிரேம் போட்ட சான்றிதழைப் படித்தேன். ஏதோ ஒரு டிரஸ்ட் கொடுத்த ஆறு மாத ‘மாற்று மருத்துவ’ப் பயிற்சி! சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருஷப் படிப்பு. முடித்தவர்கள் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள். பரம்பரை வைத்தியர்களிலும் அரசுப் பதிவு பெற்றவர்கள் உண்டு. எண்ணைக் கேட்டால் சொல்வார்கள். இவரிடம் கேட்டேன், “எங்க தாத்தா காலத்துலேர்ந்து பண்றோம்” என்றார். சர்க்கரை நோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். இவர் நோட்டீஸில் அதுதான் முதல் வரி.

சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் பெயரைச் சொல்லி இங்கிலீஷ் மாத்திரையை இடித்துக் கொடுத்தவர் மேல்தான்.

மீதிப் பொடியோடு மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டேன். நான் அனுப்பிய மூன்று பேரில் ஒரு பெரியம்மா இன்னும் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை அவரை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.