மோட் சிப் போட்டு வாங்கினால் பேக்கப் போல்டரின் பெயரைப் பாருங்கள்

நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோலில் மோட் சிப் (நிண்டெண்டோ அனுமதிக்காத மென்பொருளையும் ஓட வைக்கும் சிப்) போட்டுத் தருபவர்கள் சிலர், "உள் மெமரியை முழுசா பேக்கப் எடுத்து கார்டில் போட்டுத் தருகிறோம்" என்று அதற்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். நானும் கொடுத்தேன். கைக்கு வந்தது யாரோ ஒருவருடைய கன்சோலின் பேக்கப்.

பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. பூட் பைல்கள் இரண்டு, தலா 4 எம்பி. சுமார் 29 ஜிபிக்கு ரா நேண்ட், அதாவது உள் மெமரியின் அப்படியே எடுத்த பிரதி, துண்டு துண்டாக. கார்டு ஃபேட்32 முறையில் பார்மட் ஆகியிருந்தால் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் துண்டுகளும் நியாயம்தான். ஒரு சிஸ்டம் அப்டேட் பாதியில் தொங்கி, கன்சோல் லோகோவைத் தாண்டாமல் நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ரீஸ்டோர் கொடுப்பதற்கு முன், கெட்டுக் கிடப்பதையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைக்கலாமே என்று பேக்கப், ரீஸ்டோர் வேலைகளைச் செய்யும் ஹெகாடே மென்பொருளில் புது பேக்கப் ஓட்டினேன். உள்ளே இருக்கும் இஎம்எம்சி என்ற மெமரி சிப்பின் சீரியல் எண்ணையே பெயராக்கி, எட்டு எழுத்தில் ஒரு போல்டரை ஹெகாடே உருவாக்கும். அதே கன்சோல் என்றால் பழைய போல்டருக்குள்ளேயே போக வேண்டும். போகவில்லை, பக்கத்தில் வேறு பெயரில் புதிதாக ஒன்று முளைத்தது.

சிப் போட்டுத் தந்தவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "சிப் போட்டதால பேரு மாறியிருக்கும் சார். புது போல்டர் பேரையே பழசுக்கு வச்சு ரீஸ்டோர் கொடுங்க, ஓடிடும்" என்றார். கொஞ்சம்கூடத் தயங்காமல்!

சுத்தப் பொய். மோட் சிப்பைச் சாலிடர் செய்வதால் இஎம்எம்சியின் எண் மாறாது. சந்தேகமே வேண்டாம் என்று என் கன்சோலின் கீகளை (உள் மெமரியின் பூட்டைத் திறக்கும் ரகசியக் குறியீடுகள்) எடுத்து, கணினியில் பேக்கப்பைத் திறந்து பார்க்கும் என்எக்ஸ் நேண்ட் மேனேஜரில் இரண்டு பிரதிகளையும் சோதித்தேன். புதியது திறந்தது, அதிலிருந்த சீரியல் எண்ணும் கன்சோலின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்று. அவர் தந்தது என் கீகளுக்குத் திறக்கவே இல்லை.

அவர் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உள் மெமரியில் ப்ராட்இன்ஃபோ என்று ஒரு சிறிய பகுதி உண்டு. அந்தக் கன்சோலின் சீரியல் எண், சான்றிதழ், சென்சார் அளவீடுகள் எல்லாம் தொழிற்சாலையிலேயே அதில் எழுதப்பட்டு, அந்தக் கன்சோலின் கீயாலேயே பூட்டப்பட்டிருக்கும். இன்னொருவருடையதை அதன் மேல் எழுதினால், வந்ததை என் கன்சோலால் படிக்க முடியாது, இருந்ததும் அழிந்திருக்கும். எங்கிருந்தும் டவுன்லோட் செய்து கொள்ளக்கூடிய பொருள் அல்ல அது. ரீஸ்டோரின்போது ஹெகாடே அளவு பொருந்துகிறதா என்று பார்க்கும், யாருடையது என்று பார்க்காது. போல்டர் பெயர் ஒன்றுதான் தடுப்பு. அதைத்தான் மாற்றச் சொன்னார்.

என் ப்ராட்இன்ஃபோ சேதமில்லாமல் இருந்ததால், இஎம்எம்சி ஹேக் ஜென் என்ற கணினி மென்பொருளைக் கொண்டு சிஸ்டம் பகுதியை மட்டும் புதிதாக உருவாக்கிக் கன்சோலை எழுப்பிவிட்டேன். கேம் சேவ்கள் மொத்தமும் போயின. காசைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இப்படி வேலை செய்து வாங்கியவர்கள் இன்றே கார்டை எடுத்துப் பாருங்கள். ஹெகாடேயில் நீங்களே ஒரு பேக்கப் ஓட்டி, போல்டர் பெயர் ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். எடுத்த பிரதி சரியா என்று ஒப்பிடும் வெரிஃபிகேஷனை முழுசாக வையுங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும். எடுத்ததைக் கீ பைலோடு சேர்த்துக் கணினியிலும் போட்டு வையுங்கள். மெமரி கார்டை நம்பி விடாதீர்கள்.

அவர் தந்த பிரதியை அழித்துவிட்டேன். அதில் முகம் தெரியாத ஒருவரின் சேவும் அக்கவுண்ட் விவரமும் இருந்திருக்கும். என் கன்சோலிலிருந்து அவர் ஒரு பிரதி எடுத்திருந்தால், அது யார் கார்டில் கிடக்கிறதோ!