எழும்பூரா, தஞ்சாவூரா: சோழர் செப்புத்திருமேனிகளை எங்கே பார்ப்பது?

என் தங்கை மகளுக்குப் பதினாலு வயது. எங்கே போனாலும் பென்சிலும் நோட்டும் கூடவே வரும். லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், "பெரியம்மா, சோழர் காலத்து நடராஜர், அம்மன் எல்லாம் நேர்ல பார்த்து வரையணும்" என்றாள். சென்னையில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடம் ஒன்று, தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் இருக்கும் கலைக்கூடம் இன்னொன்று. இரண்டுக்கும் கூட்டிப் போனேன். என் ஓட்டு எழும்பூருக்குத்தான்.

கோயிலுக்கே போய் உற்சவரைச் சேவிக்கலாமே என்று என் மாமியார் கேட்டார். தாராளமாகச் சேவிக்கலாம். ஆனால் அங்கே பட்டும் மாலையும் போக முகம் மட்டும்தான் தெரியும். இடுப்பின் வளைவு, முழங்காலின் மடிப்பு, விரல் நுனி இதெல்லாம் வரைகிற பிள்ளைக்கு அருங்காட்சியகத்தில்தான் கிடைக்கும்.

தூரம், செலவு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை, அதை மறந்துவிடாதீர்கள். தஞ்சாவூர் என்றால் உழவன் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி, அங்கே தங்க ஒரு அறை, திரும்பி வர இன்னொரு ராத்திரி.

தனியாக ஒரே ஒரு திருமேனியை வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் தஞ்சாவூர்தான் ஜெயிக்கும். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரிஷபவாகனதேவர் அங்கே இருக்கிறார். சடையையே தலைப்பாகை போலச் சுற்றி, அதில் பாம்பையும் செருகிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் காளை மேல் கையை ஊன்றிய நிலை. காளை இப்போது இல்லை. அது இருந்த இடத்தை அந்தக் கைதான் காட்டுகிறது. திருவெண்காட்டுக் கல்வெட்டை வைத்து இந்தத் திருமேனியின் ஆண்டு 1011 என்று சொல்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் தேவி அதற்கு அடுத்த ஆண்டு. ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கலசம் வைத்தது 1010இல். காலையில் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு ஆட்டோ ஏறினால், அதே ராஜராஜன் காலத்து உலோக வேலை எதிரில் நிற்கும். இந்தச் சுகத்தை எழும்பூர் தராது. ஆனால் தஞ்சாவூர்க் கலைக்கூடத்துக்கு நான் போனது ஒரே தடவை, அதுவும் பள்ளி விடுமுறைக் கூட்டத்தில். சாதாரண நாளில் எப்படி இருக்கும் என்று அங்கேயே குடியிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஒரே தடவை என்பதுதான் விஷயம். செப்புத்திருமேனி ஒரு பார்வையில் பிடிபடாது. எங்கள் வீட்டுப் பெண்ணின் நோட்டே அதற்குச் சாட்சி.

எழும்பூரில் அவள் உட்கார்ந்தது அர்த்தநாரீஸ்வரர் முன்னால். அதுவும் திருவெண்காட்டிலிருந்து வந்ததுதான். முதல் நாள் ஒரு மணி நேரம் வரைந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து மறுபடி போனோம். அன்றைக்குத்தான் கைகளை எண்ணினாள். சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. "பெரியம்மா, மூணு கைதான் இருக்கு! நான் நாலு போட்டிருக்கேன்!" வலது பக்கம் தொடையோடு நிற்கும் ஆடை, இடது பக்கம் கணுக்கால் வரை இறங்குவதும் அன்றுதான் கண்ணில் பட்டது. இடுப்பு ஒரு பக்கம் நிமிர்ந்து, மறு பக்கம் ஒசிந்திருப்பதைக் கோட்டில் கொண்டுவர மூன்றாவது தடவை போக வேண்டியிருந்தது. அப்போது இன்னொரு கேள்வி வந்தது: "இந்த வலது கை எது மேல இருக்கு? கீழ ஒண்ணுமே இல்லையே?"

இங்கேயும் காளைதான். இங்கேயும் காணோம். அதனால்தான் தஞ்சாவூரில் ரிஷபவாகனரைப் பார்த்ததும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கையைப் பார்த்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. எழும்பூரில் மூன்று நாள் உட்கார்ந்த பலன் அது. தஞ்சாவூரை முதலில் பார்த்திருந்தால், அழகான சிலை என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிருப்பாள்.

திரும்பத் திரும்பப் போக முடிகிற இடம்தான் நமக்கு நல்ல இடம். கும்பகோணத்திலோ திருச்சியிலோ இருப்பவர்கள் நான் சொல்வதை அப்படியே தலைகீழாக எடுத்துக்கொள்ளலாம்.

எழும்பூர் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1851இல் தொடங்கிய இடம், பல கட்டடங்கள். சென்னையில் பெரியவர்கள் இதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள், திமிங்கல எலும்புக்கூடும் பாடம் செய்த விலங்குகளும் இருப்பதால். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கால் அங்கேதான் இழுக்கும். அதையெல்லாம் முடித்துவிட்டு வந்தால் திருமேனிகளுக்குக் கண்ணில் தெம்பு இருக்காது. முதலில் இங்கே வாருங்கள், திமிங்கலம் எங்கும் போய்விடாது. வந்தாலும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

எங்கள் அடுத்த இரண்டில் ஒன்று திருவாலங்காட்டு நடராஜர். சுற்றியிருந்த தீச்சுடர் வளையமான திருவாசியும் இல்லை, பறக்கும் சடையும் இல்லை. அதனாலேயே உடம்பின் ஆட்டம் தனியாகத் தெரிகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இதன் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். அது 1921இல் அச்சானது. அவருக்குப் படம்தான் கிடைத்தது. நமக்கு நேரே நிற்கிறார். வியாழக்கிழமை போகிறோம். தூக்கிய திருவடியை மட்டும் வரைந்தால் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.